அல்ட்ரா மாரத்தான்: ஓடுவது கஷ்டமா, நிறுத்துவது கஷ்டமா?

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டினாலே அல்ட்ரா.

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நடக்கும் யுடிஎம்பி ஓட்டத்தின் தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். நம்ம புக்கிட் தீமா குன்றின் உயரத்தை 60 முறை ஏறுவதற்குச் சமம்!

என்ன சவால்?

- தூக்கம்: இரவெல்லாம் ஓடும்போது, சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

- தண்ணீர்: குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மீறினாலும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கலாம்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முழுத் தூரத்தையும் நினைப்பதில்லை. 'அடுத்த செக்பாயிண்ட் வரைக்கும் போனா போதும்.' அவ்வளவுதான்.

எப்போது நிறுத்துவது?

கால் கனக்கிறதா? மெதுவாக நடக்கலாம். கடும் தலைவலி, வாந்தி, குழப்பமா? உடனே நிறுத்தி உதவி கேளுங்கள். மலை எங்கேயும் போயிடாது.