எந்தக் கரையில் எந்தக் கேள்வி

மலேசியாவின் ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருக்கிறது குனோங் ராபாட். அங்கே ஒருவர் கைபேசியில் ஒரு விண்ணப்பத்தைத் திறந்தால் பெயர், அடையாள அட்டை எண், கடைசியில் 'சம்மதிக்கிறேன்' என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். அதே பக்கத்தை பெர்லினில் திறந்தால் கட்டங்கள் பெருகிவிடும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துவிட்டதால் எல்லாம் காலியாகவும் நிற்கும். கைபேசியின் இணைய முகவரியை வைத்து நாட்டை ஊகித்து, அந்த நாட்டுச் சட்டம் கேட்கச் சொன்னதை மட்டும் கேட்கும் ஏற்பாடு இது. கணினிக்காரர்களின் புது வித்தை போலத் தெரிந்தாலும், ஆளைப் பார்க்காமல் கரையைப் பார்த்துக் கேள்வியை மாற்றும் வழக்கம் மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுப் பழசு.

1864ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தில், ஒப்பந்தக் கூலிகள் போகலாம் என்று அனுமதித்த நாடுகளின் பட்டியல் உண்டு. பினாங்கும் சிங்கப்பூரும் அப்போது இந்திய அரசின் கீழ் இருந்ததால் அங்கே போவது வெளிநாட்டுப் பயணமே அல்ல. 1867 ஏப்ரல் 1 அன்று அவை லண்டன் காலனி அலுவலகத்துக்குக் கைமாறின. கூலியும் கடலும் கப்பலும் அப்படியே இருக்க, பினாங்கு மட்டும் ஒரே நாளில் பட்டியலில் இல்லாத வெளிநாடாகிவிட்டது. அதிகாரிகளுக்கே இது உறைக்க 1870 ஆயிற்று. நின்றுபோன போக்குவரத்துக்கு 1872இல்தான் சட்டப்படி வழி பிறந்தது. இலங்கையின் கதை நேர்மாறு. 1883ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைப் பயணத்தைக் 'குடிபெயர்தல்' என்ற சொல்லுக்கே வெளியே வைத்தது. மொரீசியசுக்குப் போகிறவனிடம் நிபந்தனை புரிகிறதா, மனமொப்பித்தான் போகிறாயா என்று பதிவு அதிகாரி கேட்டாக வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவனிடம் அந்தக் கேள்வி இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவனுக்குக் கிடைத்தது தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் காட்டினால் கைக்காசு இல்லாமலே பயணம். செலவு தோட்டத்தின் கணக்கில். சம்மதம் கேட்க அந்தத் தகரத்தில் இடமேது!

கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், பஞ்சத்திலும் கடனிலும் நின்றவன் 'சரி' என்றதெல்லாம் சம்மதமா என்று எவரும் மறுக்கலாம். பெரும்பாலும் நியாயமான மறுப்புதான். 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, கங்காணி தான் சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவரும் கங்காணியும் ஒன்றாக நிற்கும்போது எவன் வாய் திறப்பான்? ஆனாலும் அந்தச் சடங்கு வீண் என்று நான் ஒதுக்கமாட்டேன். கேள்வி சட்டத்தில் ஏறியபின், தடுக்கும் அதிகாரமும் கூடவே ஏறியது. 1938 மே மாதம் மலாயாத் தோட்டங்களில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைந்தபோது, இந்திய அரசு அதே சட்டத்தைக் கையிலெடுத்து ஜூன் 15 முதல் உதவி பெற்ற குடிபெயர்வை நிறுத்திவிட்டது. ஈப்போ இருக்கும் பேராக்கின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் கொண்டுவந்த காலம் அதோடு முடிந்தது.

கடல் தாண்டி வாழ்க்கையையே அடகு வைத்ததையும் ஒரு விண்ணப்பக் கட்டத்தையும் ஒப்பிடலாமா? கனத்தில் ஒப்பே இல்லை. இரண்டுக்கும் பொது, கேள்வியின் அளவை எல்லைக்கோடு தீர்மானிப்பதுதான். இன்று அந்தக் கோடு மொழியையும் வெட்டுகிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு பற்றிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆக, தஞ்சாவூரில் இருக்கும் தமிழர் தமக்கு வரும் கேள்வியைத் தமிழில் கேட்டு வாங்கச் சட்டம் இடம் தருகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு குனோங் ராபாட்டில் குடியிருக்கும் மூதாட்டிக்கு அந்த உரிமை இல்லை. 'சம்மதிக்கிறேன்' என்பதையும் அவர் பேரப்பிள்ளையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.