ஏழு கலம் பதினொரு மரக்கால்

திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு, அந்த ஊரின் பழைய கணக்கு ஓலையில் இருப்பது தெரியாது. ஊருக்குக் கிழக்கே உப்பங்கழி, அதைத் தாண்டினால் கடல், தெற்கே மாமல்லபுரம். இந்த மண்ணில் விளைந்த நெல்லை யார் யாருக்கு எவ்வளவு அளந்தார்கள் என்று கணக்குப்பிள்ளை எழுத்தாணியால் கீறி வைத்த பட்டியல் அது. எக்ஸெலில் நான் உருப்படியாக எதையாவது கற்றேன் என்றால் அந்த மாதிரிக் கணக்கால்தான்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, இந்த ஊரும் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாங்கியதில் என்னதான் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியர் 1767 தொடங்கிச் சில ஆண்டுகள் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, யாருக்கு என்ன தொழில், கழனி எவ்வளவு, மானியம் யாருக்கு? களத்தில் நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், கோயில், ஏரி, கணக்குப்பிள்ளை என்று ஒவ்வொரு பங்குக்கும் ஒதுக்கும் மேரை எவ்வளவு? எல்லாம் ஓலையில் ஏறின. அவற்றின் சுருக்கம் ஆங்கிலப் பேரேட்டில் ஏறியது.

அந்தச் சுருக்கத்தை இன்றைய பாஷையில் பிவட் டேபிள் என்பேன். 1993இல் எக்ஸெலுக்குள் வந்த அந்த வசதி செய்வதும் இதைத்தான்: ஆயிரம் வரியை மடித்துப் பத்து வரியாக்குவது. பிவட்டில் ஓர் எண்ணின் மேல் இரண்டு முறை க்ளிக் செய்தால் அடியிலுள்ள வரிகள் தனித் தாளில் விரியும். பர்னார்டின் பேரேட்டில் அது நடக்காது. பேரேடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, விவர ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். விரித்துப் பார்க்க பஸ் ஏற வேண்டும்.

காந்தியரான தரம்பால் இந்தக் கணக்கின் அருமையை எடுத்துச் சொன்ன பிறகு அதற்கு மறுபிறவி. சென்னையின் சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ், திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் ஓலைக் கணக்கை 2001இல் புத்தகமாக்கியது. இதையெல்லாம் படித்த சூட்டில், அதே பாணியில் நானாக ஒரு களத்துக் கணக்கைக் கற்பனையாக எழுதி எக்ஸெலில் ஏற்றிப் பார்த்தேன்.

முதல் வரியிலேயே சறுக்கினேன். ஏழு கலம் பதினொரு மரக்காலை 7.11 என்று அடித்தேன். அடுத்தது மூன்று கலம் நான்கு மரக்கால், 3.4. கூட்டினால் 10.51. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஐம்பத்தொரு மரக்கால் எங்கிருந்து வந்தது? அதைவிட மோசம், ஏழு கலம் பத்து மரக்காலை 7.10 என்று அடித்தால் எக்ஸெல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 7.1 என்று காட்டும். பத்து மரக்கால் ஒரே மரக்காலாகிவிடும். களத்தில் இப்படி அளந்திருந்தால் அடிதடிதான்.

வழி எளிது. எல்லாவற்றையும் சின்ன அளவுக்கு இறக்கிவிட வேண்டும். 7ஐப் பன்னிரண்டால் பெருக்கி 11ஐக் கூட்டினால் 95 மரக்கால், மற்றது 40, மொத்தம் 135. அதைப் பன்னிரண்டால் வகுத்து, முழு ஈவுக்கு கோஷன்ட், மீதிக்கு மாட். பதினொரு கலம் மூன்று மரக்கால். மாட் என்ற ஃபங்ஷன் எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் அதற்கு உதாரணம், ஒன்றுவிட்டு ஒரு வரிக்குச் சாயம் பூசுவது!

அடுத்த வில்லங்கம், மரக்காலே ஊருக்கு ஊர் வேறு. இன்னொரு தாளில் ஊர்ப்பெயரையும் அந்த ஊர் மரக்காலுக்கு எத்தனை படி என்பதையும் எழுதி, எக்ஸ்லுக்அப்பால் இழுக்க வேண்டியிருந்தது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஃபங்ஷன் அது. கணக்குப்பிள்ளைக்கு அந்தத் தாள் மண்டையிலேயே இருந்திருக்கும்.

பின்னத்துக்கு வந்தால் ஓலைதான் கெட்டி. மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று (நில அளவுக்கும் அதே பெயர் வைத்துக் குழப்பியது யாரோ). முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளில் வைப்பதால் இருபதில் ஒன்று அதற்குள் துல்லியமாக அடங்காது. கடைசி இலக்கத்தில் தூசி ஒட்டும். மாவைப் பதினாறு முந்திரி, காணியை நான்கு முந்திரி என்று முழு எண்ணாக வைத்தால் தூசி இல்லை. எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இது திண்ணைப் பாடம்.

தேதியும் ஒத்துழைக்கவில்லை. எக்ஸெலின் காலண்டர் 1900 ஜனவரி 1இல்தான் பிறக்கிறது. பர்னார்டின் காலத்துத் தேதியை அடித்தால் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

1980இல் கர்ணம் என்ற பரம்பரைக் கணக்குப்பிள்ளை வேலை ஒழிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதே ஆண்டில் தமிழ்ப் பின்னக் குறிகளும் யூனிகோடில் சேர்ந்தன. ஆசைக்கு முந்திரிக் குறியை ஒரு செல்லில் ஒட்டிப் பார்த்தேன். எண்களெல்லாம் வலது ஓரத்தில் வரிசையாக நிற்க, அது மட்டும் இடது ஓரத்தில் ஒதுங்கி நின்றது. சம் போட்டேன். அதை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டியது.