தங்காக்கில் மருத்துவம் நாடும் வழக்கம்

ஜொகூரின் வடமேற்கில், லேடாங் மலையடிவாரத்தில் உள்ள தங்காக் வட்டார மக்கள் நோயுற்றால் அரசு சுகாதாரக் கிளினிக்கையோ தனியார் கிளினிக்கையோ நாடுகின்றனர். உள்நோயாளிச் சிகிச்சைக்குத் தங்காக் மருத்துவமனை இருக்கிறது. அங்கு கிடைக்காத சிறப்பு மருத்துவத்துக்கு மூவார் சுல்தானா பாத்திமா மருத்துவமனையே அருகில் உள்ளது. 2008 வரை இவ்வட்டாரம் மூவாரைச் சேர்ந்தே இருந்தது.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். மருந்தும் அதில் அடங்கும். ஆயினும் கட்டணம் மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. காத்திருப்பில் ஒருநாள் கூலி போய்விடும் என்றால், சளி, காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கே மலிவாகிவிடும். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களுக்கோ மாதந்தோறும் மருந்து தரும் அரசு கிளினிக்கே பெரும் துணை.

முன்பு மலேசியத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நோயுற்றால் முதலில் கண்டது தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரைத்தான். வீட்டு வாசலருகே கிடைத்த அந்த மருத்துவம், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபோது மறைந்தது. அந்த இழப்பு இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

நாட்டு மக்களின் மருத்துவ நாட்டத்தைத் தேசிய சுகாதார, நோய் ஆய்வு 1986 முதல் பதிவுசெய்து வருகிறது. வீடு வீடாகச் சென்று நடத்தப்படுவதால், மருத்துவரை நாடாமல் இருந்துவிட்டவர்களையும் அது கணக்கில் கொள்கிறது.