சிங்க முத்திரை

கர்ப்பிணிப் பெண்ணுக்கு அரைவேக்காட்டு முட்டை ஆகுமா? வெறும் அடுப்பங்கரைக் கேள்விதான். ஆனால் இங்கிலாந்தில் இதற்குத் தயக்கமின்றி 'ஆகும்' என்று பதில் சொல்ல இருபத்தொன்பது வருஷங்கள் ஆயின. அந்தக் கதையில் ஒரு மந்திரியின் பதவியும் போயிற்று.

சால்மோனெல்லா என்ற கிருமிதான் கதையின் வில்லன். அதில் ஒரு வகை, கோழியின் சினைப்பையிலேயே குடியேறிவிடும். கோழியோ நோயின் சாயலே இல்லாமல் கொத்தித் திரியும். முட்டைக்கு ஓடு மூடுமுன்பே கிருமி உள்ளே புகுந்துவிடுவதால், மேலே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. வயிற்றுப்போக்கும் கடுங்காய்ச்சலும் யாருக்கும் தொல்லைதான். பிள்ளைத்தாய்ச்சிக்கோ அது இரண்டு உயிர்களின் கவலை.

1988 டிசம்பரில், சுகாதாரத் துறையின் உதவி மந்திரி எட்வினா கர்ரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி இக்கிருமியால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். முட்டை வியாபாரம் சரிந்தது. பண்ணைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டே வாரத்தில் அம்மையார் ராஜிநாமாச் செய்தார். 'பெரும்பகுதி' என்றது மிகைதான். ஆனால் கிருமி பண்ணைகளில் பரவியிருந்தது மிகையல்ல. வார்த்தையில் பிழை கண்டவர்கள் விஷயத்தையும் பொய்யென்று தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நல்லவேளை, அப்படித் தள்ளவில்லை. கோழிகளுக்குத் தடுப்பூசி வந்தது. 1998-ல் அந்த ஏற்பாட்டுக்கு அடையாளமாகச் சிவப்புச் சிங்க முத்திரை முட்டைமேல் ஏறியது. 2017-ல் அந்நாட்டு உணவுத் தர அமைப்பு, முத்திரை பெற்ற முட்டையைக் கர்ப்பிணிகள் அரைவேக்காடாகவும் உண்ணலாம் என்று அறிவித்தது.

ஆனால், கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் பெண்ணுக்கு இந்த அறிவிப்பு பொருந்தாது. அவள் கோழிகளுக்குச் சிங்கமும் இல்லை. பெரும்பாலும் ஊசியும் இல்லை. அன்போடு பெயர் வைத்து வளர்த்த கோழி என்பதால் கிருமி தயவு காட்டாது. அதற்காகக் கோழிகளை விற்றுவிடச் சொல்லவில்லை நான். முட்டையை மஞ்சட்கரு கெட்டியாகும்வரை வேகவைக்கட்டும்; கோழியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவட்டும்; குஞ்சை முகத்தோடு அணைத்துக் கொஞ்சாதிருக்கட்டும். கூட்டைச் சுத்தம் செய்யும் வேலையை, பிள்ளை பிறக்கும்வரையாவது, கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஒரு தேசம் முத்திரை குத்திச் செய்த காரியத்தை, வீட்டில் ஒரு துடைப்பமும் ஒரு சோப்புக்கட்டியும் கொஞ்சம் நெருப்பும் செய்யவேண்டியிருக்கிறது. துடைப்பத்தை எடுக்க வேண்டியவர் யார் என்பதை மட்டும் வீட்டுக்காரர்கள் மறந்துவிடக் கூடாது.