சூப்பர்மேன் (1979 வீடியோ கேம்)

சூப்பர்மேன் என்பது அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட வீடியோ கேம். சூப்பர் ஹீரோ ஒருவரை வைத்து வீட்டுத் தொலைக்காட்சிக்காக வந்த விளையாட்டுகளில் இதுவே முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். எழுதியவர் ஜான் டன். அட்டாரியை வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 1976-இல் வாங்கியிருந்தது. சூப்பர்மேன் படக்கதைகளை வெளியிடும் டிசி காமிக்சும் அப்போது அதே வார்னருக்குச் சொந்தமாக இருந்தது. 1978 டிசம்பரில் ரிச்சர்ட் டானர் இயக்கிய சூப்பர்மேன் திரைப்படம் வெளியானது. அந்தச் சூட்டோடு விளையாட்டும் வரவேண்டும் என்பது மேலிடத்து விருப்பம். அப்போது வாரன் ராபினெட் அட்டாரியில் ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நிரலை எடுத்து அதன்மேல் டன் இதைக் கட்டினார். முடிவில் சூப்பர்மேன் முந்திக்கொண்டது. அட்வென்ச்சர் 1980-இல்தான் கடைக்கு வந்தது.

ஆட்டத்தின் கதை சின்னது. கிளார்க் கென்ட் தொலைபேசிக் கூண்டிலிருந்து வெளியே வருகிறார். வில்லன் லெக்ஸ் லூதர் பாலத்தைத் தகர்க்கிறான். கென்ட் மீண்டும் கூண்டுக்குள் புகுந்து சூப்பர்மேனாக மாறி, பாலத்தின் மூன்று துண்டுகளையும் தேடிச் சேர்க்க வேண்டும். லூதரையும் அவனுடைய ஐந்து அடியாட்களையும் பிடித்துச் சிறையில் தள்ள வேண்டும். கடைசியில் பழைய கென்டாகி டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தால் கடிகாரம் நிற்கும். புள்ளிகள் கிடையாது. எவ்வளவு நேரத்தில் முடித்தோம் என்பதுதான் கணக்கு.

இதன் குறைகளில் பாதி, இது ஓடிய அட்டாரி வீட்டுக் கருவியின் குறைகள். 1977-இல் வந்த அந்தக் கருவியின் செயல்நினைவகம் வெறும் 128 பைட்டு. தமிழில் நடுத்தர நீளமுள்ள ஒரு வாக்கியத்தைச் சேமிக்க இன்றைய கணினி அதைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். விளையாட்டு முழுவதும் 4 கிலோபைட்டுக் கார்ட்ரிட்ஜுக்குள் அடங்க வேண்டும். ஆட்கள், பொருள்களைக் காட்ட எட்டுப் புள்ளி அகலத்தில் இரண்டே உருவங்களைத்தான் அந்தக் கருவியின் படச் சில்லு தரும். மூன்றாவதாக ஒன்று திரைக்கு வந்தால், ஒரு கணத்தில் இதையும் அடுத்த கணத்தில் அதையும் மாற்றி மாற்றிக் காட்டுவதே வழி. அதனால் சூப்பர்மேன், அடியாள், ஹெலிகாப்டர் மூவரும் ஒரே இடத்தில் கூடினால் எல்லாரும் மினுக்மினுக்கென்று துடிக்கத் தொடங்குவார்கள். யார் யாரைப் பிடித்தார் என்று தெரிவதற்குள் ஆள் தப்பியிருப்பான்.

நகரம்தான் பெரிய தொல்லை. திரை நகராது, ஓரத்தைத் தொட்டதும் அடுத்த படம் சட்டென்று விழும். பக்கவாட்டில் பறந்தால் ஓரளவு வரிசை பிடிபடும். மேலே பறந்தால் வானம் வருவதில்லை, நகரின் வேறொரு தெரு வருகிறது. கட்டடங்களோ ஒரே அச்சு. நிறத்தை வைத்துத்தான் இடத்தை அடையாளம் காண வேண்டும். சுரங்கப்பாதைக்குள் நுழைந்தவர் எங்கே தலைகாட்டுவார் என்பதை மனப்பாடமே செய்தாக வேண்டும். பொத்தானை அழுத்தினால் அடுத்த திரையை எட்டிப் பார்க்கும் ஊடுருவல் பார்வை உண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் வழி தெரியாதவருக்கு அது குழப்பத்தைக் கூட்டவும் செய்யும். போதாததற்கு, தேடிய பாலத் துண்டை ஹெலிகாப்டர் தூக்கி வேறெங்கோ போட்டுவிடும்.

மீதிக் குறை கருத்தில் இருக்கிறது, அதற்குச் சில்லைப் பழிக்க முடியாது. இந்த விளையாட்டில் தோற்கவே முடியாது. லூதர் ஏவும் கிரிப்டனைட் துணைக்கோள்கள் மேலே பட்டால் பறக்கும் சக்தி போகும். காதலி லோயிஸ் லேனைத் தேடி நடந்துபோய் ஒரு முத்தம் பெற்றால் திரும்பிவிடும். அதுவரை திரை திரையாக நடப்பது ஆபத்தான வேலை அல்ல, அலுப்பான வேலை. சாகாத நாயகனுக்கு நேர இழப்பைத் தவிர வேறு தண்டனை டன்னுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வீழக்கூடிய நாயகனே மனதில் நிற்பான்: செஞ்சிப் பக்கத்தில் தேசிங்கு ராஜன் கதை நிலைத்திருப்பது 1714 போரில் அவன் விழுந்ததால்தான். 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான், மறைந்தாலும் இரும்புக் கை தெரியும். விளையாட்டுக்கு ஏற்ற நாயகன் அவனே. 1982-இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட ஸ்பைடர்மேன் இதைப் புரிந்துகொண்டது. அதில் வலைத் திரவம் தீரும், கால் தவறினால் கீழே விழவும் வேண்டியதுதான்.

சூப்பர்மேன் விஷயத்தில் சிக்கல் தீரவில்லை. நின்டெண்டோ 64 கருவிக்காக 1999-இல் டைட்டஸ் வெளியிட்ட விளையாட்டில் வளையம் வளையமாகப் புகுந்து பறப்பதே பெரும்பகுதி. தொலைவைக் காட்ட முடியாத இயலாமையைப் பச்சைப் பனிமூட்டம் போட்டு மறைத்து, அதற்குக் கிரிப்டனைட் என்று காரணமும் சொன்னார்கள். மிக மோசமான விளையாட்டுகளின் பட்டியல் எதுவும் அதை விடுவதில்லை. அதனோடு ஒப்பிட்டால் 1979 விளையாட்டு எவ்வளவோ மேல்.

இந்தியாவில், வெல்ல முடியாத நாயகன் என்ற இதே இக்கட்டைச் சந்தித்தது 2009-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’. ஐதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கி, சோனி வெளியிட்டது. இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் விளையாட்டு என்ற பெயர் இதற்கு உண்டு. கடவுளைப் பொத்தான் அழுத்தி ஆட்டிவைப்பது இழிவு என்று அமெரிக்காவிலிருந்து இந்து மதத் தலைவர் ராஜன் செட் எதிர்த்தார். விமர்சகர்களோ படத்தரத்தையும் இயக்கத்தையும் குறைசொன்னார்கள். இத்தனைக்கும் அனுமன் கதையில் கிரிப்டனைட்டைவிட நேர்த்தியான தடை ஒன்று ஆயத்தமாகவே இருக்கிறது: சாபத்தால் தன் வலிமையை அவனே மறந்திருப்பான், ஜாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகுதான் கடலைத் தாண்டுவான். சக்தியைப் பறிக்காமல் மறக்கடிக்கும் இந்த வழி ஒரு நல்ல விளையாட்டுக்குப் போதுமானது.

1979 சூப்பர்மேனை இன்று ஆடிப் பார்க்க நினைப்பவர்கள், தெருக்களையும் சுரங்கப்பாதை நிறங்களையும் குறித்துக்கொள்ள ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்.