கடுகும் கடிகாரமும்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்கிறோம். உலோகத்தில் கதை இன்னும் விசித்திரம்: போதுமான அளவு சிறுத்தால் காரம் கூடும். அந்த ‘போதுமான அளவு’ எது என்பதில்தான் ஓசூர் வருகிறது.

1984-ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. அப்போது அது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். 2002-ல் டைட்டன் எட்ஜ் வந்தது. மொத்தத் தடிமன் 3.5 மி.மீ., உள்ளே ஓடும் இயந்திரம் வெறும் 1.15 மி.மீ.

மெல்லிசாக்குவது சும்மா இல்லை. தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். இது வடிவம் பிடுங்கிக்கொள்ளும் வரி.

உலோகம் எதையாவது திருப்பித் தருமா? நான் இன்ஜினியரிங் படித்தபோது, வலிமை என்பது பொருளின் குணம், அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் மனதில் பதிந்தது. அது பாதி உண்மை. 1926-ல் பிரெங்கெல் போட்ட கணக்குப்படி, குறையற்ற படிகம் நாம் பார்க்கும் உலோகத்தைவிடப் பல மடங்கு வலுவாக இருக்க வேண்டும். ஏன் இல்லை? 1934-ல் டெய்லர், ஒரோவன், போலான்யி மூவரும் தனித்தனியே பதில் சொன்னார்கள்: டிஸ்லொகேஷன். பெரிய ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பது கஷ்டம். ஒரு மடிப்பை உண்டாக்கித் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். உலோகம் வளைவதும் அப்படித்தான், அணு வரிசையில் இருக்கும் மடிப்புகளால்.

அப்படியென்றால் மடிப்புக்கே இடமில்லாத அளவு சின்னதாக்கினால்? 1952-ல் பெல் ஆய்வகத்தில் ஹெரிங்கும் கால்ட்டும் சில மைக்ரான் தடிமனே உள்ள வெள்ளீய இழைகளை வளைத்துப் பார்த்தார்கள். சாதாரண வெள்ளீயக் கம்பியை வளைத்தால் வளைந்ததுதான். இந்த இழைகளோ விட்டதும் நிமிர்ந்துகொண்டன.

1994-ல் ஃபிளெக்கும் சகாக்களும் செம்புக் கம்பிகளை முறுக்கினார்கள். தடிமன் வித்தியாசத்தைக் கணக்கில் கழித்த பிறகும், 170 மைக்ரான் கம்பியைவிட 12 மைக்ரான் கம்பி சுமார் மூன்று மடங்கு எதிர்த்தது. இங்கே காரணம் நேரெதிர்: முறுக்கும்போது மடிப்புகள் பெருகி, ஒன்றையொன்று மறித்து நெரிசலாகிவிடுகின்றன. நேராக இழுத்தபோது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

இப்போது எட்ஜுக்கு வருவோம். 1.15 மி.மீ. என்றால் 1150 மைக்ரான். இயற்கை சலுகை தருகிற எல்லைக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றுவிட்ட அளவு. மெலிந்ததன் நஷ்டம் முழுசாக உண்டு, லாபம் அநேகமாக இல்லை. ‘சின்னதுதான் பலம்’ என்று யாராவது மேடையில் பேசினால் எத்தனை மைக்ரான் என்று கேட்கத் தோன்றுகிறது. ஓசூரில் அந்த இடைவெளியை நிரப்பியது இயற்பியல் இல்லை. வரைபடம் போட்டவர்களும், அச்சு செதுக்கியவர்களும், இடுக்கி பிடித்துக் கோத்தவர்களும்தான்.