காவிரி மீனும் ஒரு கணக்குப் புத்தகமும்



சென்ற முறை நாம் ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போனது நினைவிருக்கும். ஜமுனாமரத்தூர் ஏரியில் படகு விட்டோம், பீமன் அருவியில் குளித்தோம். வழியில் ஓர் ஓடைக்கரையில் இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததை நம் பிள்ளைகள் வேனை விட்டு இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி வரும்போது ஒரு யோசனை எழுந்தது: "அடுத்த தடவை கடையில் மீன் குஞ்சு வாங்கிக்கொண்டு போய் அந்த ஓடையில் விடலாம். புண்ணியமாகப் போகும்." வீட்டுத் தொட்டி மீனைக் கொடுக்கவும் இரண்டு பேர் முன்வந்தார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனாலும் முடிவு எடுக்கும் முன், காவிரியில் இதே நல்ல எண்ணத்தால் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவதைப் பரப்பியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சங்கம் தொடங்கியது. 1879இல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. உள்ளூர் மீன் அவர்களுக்குப் போதவில்லை. வெளிநாட்டு டிரவுட் மீனைக் கொண்டுவந்து 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தார்கள். "ஆற்றில் மீன் போதாதா, வெளியிலிருந்து கொண்டுவந்து விடு" என்ற பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

காவிரியிலோ அவர்களே வியந்து பார்த்த மீன் ஒன்று இருந்தது. கெண்டை இனத்தைச் சேர்ந்த மஹ்சீர். அதில் முதுகு கூன் போட்டது போல உயர்ந்து, செம்மஞ்சள் துடுப்போடு இருப்பதைக் கூன்முதுகு மஹ்சீர் என்பார்கள். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் காவிரியின் கிளையான கபினியில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! ஒரு பெரியவரின் எடை.

சுதந்திரத்துக்குப் பிறகு வெடி வைத்து மீன் பிடிப்பது பெருகியது. இந்த மீன் அற்றுப்போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள். 1977-78இல் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் காவிரியில் பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டினார்கள். 1972இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில் கலிபோர் போன்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் வந்தன. பிடித்த மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும் என்பது விதி. முன்பு வெடி வைத்த உள்ளூர்க்காரர்கள் சிலர் இந்த முகாம்களில் வழிகாட்டிகளாக வேலைக்குச் சேர்ந்தார்கள்.

இன்னொரு பக்கம், மஹாராஷ்டிராவில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் 1970களில் மஹ்சீர் குஞ்சுகளை லட்சக்கணக்கில் வளர்க்கத் தொடங்கியது. அந்தக் குஞ்சுகள் காவிரிக்கும் வந்தன. மஹ்சீர் குறைகிறது, மஹ்சீரை விடுகிறோம், இதில் என்ன தப்பு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அது நீலத்துடுப்பு மஹ்சீர். கிருஷ்ணா பக்கத்து ஆறுகளின் மீன். காவிரியின் மீன் அல்ல.

இதன் விளைவு எப்படித் தெரியவந்தது? முகாமில் வைத்திருந்த நோட்டுகளிலிருந்துதான். யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், என்ன எடை என்று தினமும் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையான கணக்கை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 23,620 மணி நேரத்தில் பிடிபட்டவை 6,161 மஹ்சீர். நீலத்துடுப்பு வருஷா வருஷம் கூடியிருந்தது. கூன்முதுகின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பிடிபட்ட கூன்முதுகின் சராசரி எடை மட்டும் கூடியிருந்தது.

எடை கூடினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நம் குடியிருப்பில் காலையில் பள்ளி வேனுக்கு ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை, என் வயதுக்காரர்கள் மட்டும் நடைப்பயிற்சி போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைமைதான். பழைய மீன்கள் மிச்சம், புதுக் குஞ்சுகள் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதிய எனக்கு இது சட்டென்று புரிந்தது: வரவு நின்றுபோய்ப் பழைய இருப்பு மட்டும் கரைகிற கணக்கு.

இன்னொரு வேதனை, உலகப் புகழ் பெற்ற அந்த மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயரே இல்லை. பெயர் இல்லாததை அழியும் உயிரினப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? நீலகிரியிலிருந்து பவானிசாகருக்கு ஓடிவரும் மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்து, 2018இல்தான் அது 'டோர் ரேமாதேவி' என்று உறுதியானது. சென்னை விலங்கியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மீன் ஆய்வாளர் ரேமாதேவி அவர்களின் பெயர் அது. அதே ஆண்டு 'மிக அருகிய நிலை' என்று பட்டியலில் ஏறியது. புலிக்குச் சொல்லும் எச்சரிக்கையைவிட ஒரு படி மேல்.

வெளி மீன் மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. அணை, மணல் அள்ளுதல், வெடி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் மற்றவை கெட்ட எண்ணத்தாலோ பேராசையாலோ அவசியத்தாலோ நடந்தவை. இது ஒன்றுதான் ஆற்றுக்கு நல்லது செய்யப்போய் நடந்தது.

இனி நம் விஷயம். செய்யாறும் கமண்டல நாகநதியும் ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றுக்குப் போகும் ஆறுகள். அந்த ஓடையில் நாம் விடுவது ஓடையோடு நிற்காது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்குகிறோமே சக்கர் மீன், தென்னமெரிக்காவிலிருந்து வந்த அது இன்று சென்னை ஏரிகளில் வலை நிறைய ஏறுகிறது. அங்கே அது நடந்து போகவில்லை. யாரோ கொல்ல மனமில்லாமல் விட்டதுதான்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, மீன் குஞ்சு விடும் யோசனையைக் கைவிடுவோம். இரண்டு, வேண்டாத தொட்டி மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாமல், வாங்கிய கடையிலோ மீன் வளர்க்கும் வேறு வீட்டிலோ கொடுங்கள். மூன்று, அடுத்த பயணத்தில் பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு நோட்டு கொடுப்போம். ஓடைக்கரையில் தூண்டில் போடுபவர்களிடம் "என்ன மீன் அண்ணா? இங்கே என்ன பெயர்?" என்று கேட்டுத் தேதி போட்டு எழுதட்டும். வருஷா வருஷம் எழுதிச் சேர்த்தால் அதுவும் ஒரு கணக்குதான்.

நோட்டுகளை நானே வாங்கித் தருகிறேன். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துச் சங்க அலுவலகத்தில் எழுதி வையுங்கள்.